வெயிலிலிருந்து குளிர்: வெந்நீரில் ஓடும் சில்லரா, சோலார் பேனலும் கம்ப்ரசருமா?

மருத்துவமனை கட்டுகிறவர்கள், கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஓட்டல் வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "மாடியில் வெயில் கொளுத்துகிறது, அந்தச் சூட்டிலேயே ஏசி ஓடும் என்கிறார்களே, போடலாமா? இல்லை, பேசாமல் சோலார் பேனலைப் போட்டுச் சாதாரண சில்லரையே ஓட்டிக்கொள்ளலாமா?" சில்லர் என்பது பெரிய கட்டடத்தின் ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் தயாரிக்கும் இயந்திரம். இரண்டு பக்கமும் விற்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் அழகான கணக்கு காட்டுகிறார்கள், அதனால்தான் குழப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் புதிதாக எழும் ஒரு சாதாரணக் கட்டடத்துக்கு பேனலும் நல்ல மின் சில்லரும்தான் சரி. ஆனால் ஆண்டு முழுக்க வெந்நீர் செலவாகும் இடத்திலும், ஏற்கெனவே சூடு வீணாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்திலும் உறிஞ்சல் சில்லரை, அதாவது கம்ப்ரசருக்குப் பதில் சூட்டால் ஓடும் சில்லரை, கணக்கில் எடுக்காமல் விடுவது பெரிய நஷ்டம். ஏன் என்று புரிந்தால் உங்கள் இடம் இதில் எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

வீட்டுக்குக் கேட்பவர்களுக்கு இங்கேயே பதில்: வேண்டாம். பத்து டன்னுக்கு (ஒரு டன் என்றால் ஏறக்குறைய 3.5 கிலோவாட் சூட்டை வெளியே எடுக்கும் திறன்) கீழே உறிஞ்சல் சில்லர் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவர், பம்புகள், வெந்நீர்த் தொட்டி என்று மாடியே இயந்திர அறையாகிவிடும். நல்ல இன்வெர்ட்டர் ஏசியும் மாடியில் நாலைந்து கிலோவாட் பேனலும் போதும். கீழே எழுதியிருப்பதெல்லாம் ஐம்பது, நூறு டன் அளவில் யோசிப்பவர்களுக்கு.

## எதை வைத்து அளப்பது

விற்பவர் காட்டும் தாளில் முதலில் இருப்பது சிஓபி. அதாவது கொடுத்த ஆற்றலுக்கு எத்தனை மடங்கு குளிர் கிடைக்கிறது என்பது. இதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம், ஏனென்றால் ஒன்றில் கொடுப்பது வெந்நீர், இன்னொன்றில் கொடுப்பது மின்சாரம். இரண்டும் ஒரே தரத்து ஆற்றல் இல்லை. நான் பார்ப்பவை இவை:

- மாடியில் விழும் வெயிலில் எத்தனை சதவீதம் கடைசியில் குளிராக வருகிறது.
- எத்தனை டிகிரிக் குளிர் வேண்டும். அறைக்கு 7 டிகிரித் தண்ணீர் போதும், பால் குளிரூட்ட ஐஸ் கட்டிவைக்கும் தொட்டியான ஐஸ் பேங்குக்கும் மீன் அறைக்கும் பூஜ்யமும் அதற்குக் கீழும் வேண்டும்.
- வெளியே தள்ளும் சூடு எவ்வளவு, அதற்குத் தண்ணீர் எவ்வளவு.
- குளிர் தேவைப்படாத மாதத்தில் மாடியில் இருப்பது என்ன செய்யும்.
- மேகம் மூடினால், கரண்ட் போனால் என்ன ஆகும்.
- பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வர வேண்டும்.

இதில் மூன்றாவதும் நான்காவதும்தான் பெரும்பாலான கொட்டேஷன்களில் இருக்காது. முடிவை மாற்றுவதும் அவைதான்.

## உள்ளே நடப்பது என்ன

சாதாரண ஏசியில் கம்ப்ரசர் செய்யும் வேலையை உறிஞ்சல் சில்லரில் ஓர் உப்புக் கரைசல் செய்கிறது. லித்தியம் புரோமைடு தண்ணீரை விடாமல் இழுக்கும் உப்பு. காற்றை முழுக்க வெளியே எடுத்துவிட்ட ஒரு கலத்தில், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குதான் அழுத்தம் என்றால், தண்ணீர் 7 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான சூட்டை அதே கலத்துக்குள் ஓடும் குழாய்த் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்ளும், நமக்கு வேண்டிய குளிர் அதுதான். வந்த ஆவியை அப்படியே விட்டால் அழுத்தம் ஏறிக் கொதிப்பு நின்றுவிடும். அதனால் பக்கத்தில் கெட்டியான உப்புக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள், அது ஆவியைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்து நீர்த்துப்போன கரைசலை மேல் கலத்துக்கு அனுப்பிச் சூடாக்கினால் தண்ணீர் பிரிந்துபோய், கரைசல் மறுபடி கெட்டியாகும். சூரியன் வேலைக்கு வருவது இந்தக் கடைசிப் படியில் மட்டும்தான்.

இதிலிருந்தே ஒரு வரம்பு தெரிகிறது. கீழே ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் மேலே அதே ஒரு கிலோவைக் கரைசலிலிருந்து பிரித்தெடுத்திருக்க வேண்டும். கீழே அந்த ஒரு கிலோ கொடுக்கும் குளிர் ஏறக்குறைய 2,340 கிலோஜூல். மேலே அதைப் பிரிக்க, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு மட்டும் போதாது. உப்பின் பிடியிலிருந்து விடுவிக்க ஒரு பங்கு, வந்த கரைசல் முழுவதையும் சூடாக்க ஒரு பங்கு என்று 3,000க்கு மேல் போய்விடும். ஆக, சூட்டை இப்படி ஒரே முறை பயன்படுத்தும் ஒற்றை நிலைச் சில்லரின் சிஓபி ஒன்றைத் தாண்டவே தாண்டாது, நடைமுறையில் 0.7 பக்கம் நிற்கும். 90 டிகிரி வெந்நீர், 35 டிகிரியில் வெளியே தள்ளும் சூடு, 7 டிகிரிக் குளிர் என்று வைத்து, இயற்கை விதிப்படி எட்டக்கூடிய உச்சத்தைச் சொல்லும் கார்னோ கணக்குப் போட்டால், வெந்நீரிலிருந்து வேலையாக மாற்றக்கூடியது 15 சதவீதம், அந்த வேலையால் நகர்த்தக்கூடிய குளிர் 10 மடங்கு, பெருக்கினால் 1.5. கையில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் 180 டிகிரியில் சூடு கொடுத்தால்? அதே கணக்கில் உச்சவரம்பு 3.2 ஆகிறது. இதைப் பயன்படுத்தத்தான் இரட்டை நிலைச் சில்லர். முதல் கலத்தில் பிரிந்த ஆவியை வீணாகக் குளிர்விக்காமல், அதன் சூட்டிலேயே இரண்டாவது கலத்தைக் கொதிக்கவைக்கிறார்கள், ஒரே சூடு இரண்டு முறை வேலை செய்கிறது. சிஓபி 1.2 முதல் 1.4 வரை போகிறது.

ஆனால் சூடு ஏற ஏற மாடியில் இருப்பது சோர்ந்துபோகும். சாதாரணத் தட்டை வகை சோலார் ஹீட்டர் 60 டிகிரியில் வெயிலின் 60 சதவீதத்தைப் பிடிக்கும், 90 டிகிரிக்கு ஏற்றச் சொன்னால் 45 சதவீதத்துக்கு இறங்கும், 170 டிகிரியில் பிடித்ததையெல்லாம் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். சில்லர் சூடு அதிகம் கேட்கிறது, பிடிக்கும் கருவி சூடு குறைவாக இருக்கச் சொல்கிறது. இந்த இழுபறிதான் சூரிய உறிஞ்சல் குளிர்விப்பின் மொத்தக் கதையும்.

## வெற்றிடக் குழாயும் ஒற்றை நிலைச் சில்லரும்

கண்ணாடிக்குள் கண்ணாடியாக, நடுவில் காற்றில்லாத குழாய்கள் 90 டிகிரியிலும் வெயிலில் பாதியைப் பிடித்துத் தரும். பாதியை 0.7ஆல் பெருக்கினால் வெயிலில் 35 சதவீதம் குளிராகிறது. நூறு டன்னுக்கு, நல்ல வெயில் நேரத்தில், 1,250 சதுர மீட்டர் குழாய்ப் பரப்பு வேண்டும். வரிசைகளுக்கு நடுவே விடும் இடம் தனி.

இந்த வகையின் பெரிய பலம், மேகம் லேசாக மூடிய வெயிலிலும் வேலை செய்வது. கடலோரத்தில் ஈரப்பதமும் மங்கலும் கலந்த வானத்துக்கு இது ஒத்துவரும். வெந்நீரைத் தொட்டியில் சேர்த்துவைக்கலாம், 15 டிகிரி ஏற்ற இறக்கத்தில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் மூன்றரை டன் குளிரை ஒரு மணி நேரம் தரும். சத்தம் கிடையாது, அதிர்வு கிடையாது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும்.

சிங்கப்பூர் தெம்பனிஸில் உள்ள யுனைடெட் வேர்ல்டு காலேஜ் வளாகம், அங்கே இருப்பது வெற்றிடக் குழாய் இல்லை என்றாலும், இப்படி வெந்நீரில் ஓடும் சில்லருக்கு நல்ல உதாரணம். 2011இல் அங்கே சுமார் 3,900 சதுர மீட்டர் தட்டை வகைச் சேகரிப்பான்களை (வெயிலின் சூட்டைப் பிடிக்கும் கருவிகள்) வைத்து, ஏறக்குறைய 1,500 கிலோவாட் அளவுள்ள உறிஞ்சல் சில்லரை ஓட்டத் தொடங்கினார்கள். நம் கடலோரத்தைப் போலவே புழுக்கமான ஊர், நேரடி வெயில் குறைவு. அங்கே கணக்குக்குக் கைகொடுத்த விஷயம், அதே சேகரிப்பான்கள் மாணவர் விடுதிக்கு வெந்நீரும் தருவதுதான்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருகிறேன். இவை கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியவை.

தண்ணீர். அறையிலிருந்து எடுத்த சூடும் சூரியன் கொடுத்த சூடும் சேர்ந்து கடைசியில் கூலிங் டவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிஓபி 0.7 என்றால் ஒரு பங்கு குளிருக்கு 2.4 பங்கு சூடு வெளியே போகிறது. நல்ல மின் சில்லரில் அது 1.2தான். டவர் இரண்டு மடங்கு, டவர் பம்பு இரண்டு மடங்கு, ஆவியாகிப் போகும் தண்ணீரும் இரண்டு மடங்கு. நூறு டன்னை முழுச் சுமையில் எட்டு மணி நேரம் ஓட்டினால் பத்தாயிரம் லிட்டர் ஆவியாகும், உப்பு சேராமலிருக்கத் திறந்துவிடும் தண்ணீரையும் சேர்த்தால் பதின்மூவாயிரம். சென்னையில் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு லாரிக்கு மேல், தினமும், அதுவும் கோடையில். 2019 கோடையில் தண்ணீருக்கு ஊர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கும் இடத்தில் மென்னீராக்கும் செலவும் சேரும், இல்லையென்றால் டியூபுக்குள் படிவு கட்டிச் சில்லரின் திறன் மெல்ல மெல்ல இறங்கும்.

புழுக்கம். கூலிங் டவர் தரும் தண்ணீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, கீழே போகாது, அதற்கு மேல் மூன்று நான்கு டிகிரியில் நிற்கும். சென்னையில் புழுக்கமான நாளில் ஈரக்குமிழ் 27, 28 டிகிரி, டவர் தண்ணீர் 31, 32. உறிஞ்சல் சில்லருக்கு இது மிகவும் உறைக்கும் விஷயம், டவர் தண்ணீர் இரண்டு டிகிரி ஏறினாலே கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறையும். கோயம்புத்தூர்க் காற்று உலர்ந்தது, அங்கே அதே இயந்திரம் கூடுதலாக உழைக்கும்.

கரண்ட் போவது. இது பலருக்குத் தெரியாது. சில்லரை நிறுத்தும்போது உடனே நிறுத்துவதில்லை, பம்புகளைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கெட்டிக் கரைசலையும் நீர்த்த கரைசலையும் கலந்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று கரண்ட் போனால் அந்தக் கலப்பு நடக்காது. அறுபது சதவீதத்துக்கு மேல் உப்புள்ள கரைசல் வெப்பப் பரிமாற்றியின் குறுகலான வழியில் நின்று ஆறும், ஆறினால் பாகு பதம் தவறிச் சர்க்கரை கட்டிப்போவது போல உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து சூடு காட்டி, பொறுமையாகக் கரைத்து, திரும்ப ஓட்டுவதற்குள் ஒரு நாள் போய்விடலாம். எனவே கரைசல் பம்புக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் தனி யுபிஎஸ் அல்லது உடனே எடுக்கும் டீசல் ஜெனரேட்டர் கட்டாயம்.

வெற்றிடம். நூறில் ஒரு பங்கு அழுத்தத்தில் ஓடும் கலத்துக்குள் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் காற்று உள்ளே வரும். காற்று வந்தால் கரைசல் ஆவியைக் குடிப்பது தடைப்படும், கூடவே எஃகை அரிக்கும், அரிப்பில் ஹைட்ரஜன் உண்டாகி வெற்றிடத்தை இன்னும் கெடுக்கும். அதனால் காற்றை வெளியேற்றும் பம்பு, அரிப்புத் தடுப்பு ரசாயனம், ஆண்டுக்கொரு முறை கரைசலைச் சோதனைக்கு அனுப்புவது எல்லாம் வேண்டும். இதற்குத் தெரிந்த ஆள் ஊருக்கு ஊர் கிடைக்கமாட்டார், ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் இறங்கவே கூடாது.

விடுமுறை. கல்லூரி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏப்ரல் மே மாதம், வெயில் உச்சத்தில் இருக்கும்போது வளாகம் காலி. சூட்டை எடுக்க ஆள் இல்லாமல் வெற்றிடக் குழாய் சும்மா நின்றால் உள்ளே 200 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் நீராவியாகி வால்வு வழியாகச் சீறும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். மூடிவைக்கத் துணி, சூட்டை வெளியேற்றத் தனி விசிறி என்று ஏதாவது ஏற்பாடு வேண்டியிருக்கும். பேனலுக்கு இந்தத் தொல்லையே இல்லை, விடுமுறையிலும் அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மாற்று எரிபொருள். மேகம் மூடிய நாளில் கேஸ் பர்னரால் வெந்நீர் போட்டு இதே சில்லரை ஓட்டலாம் என்பார்கள். கேஸின் சூட்டில் 90 சதவீதம் கிடைத்து அதை 0.7ஆல் பெருக்கினால் 0.63. நிலக்கரி மின்நிலையமும் கம்பி இழப்பும் போகக் கையில் வரும் 30 சதவீத மின்சாரத்தை, துணைக் கருவிகளையும் சேர்த்துச் சிஓபி 4 உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் 1.2. அதாவது சூரியன் ஏறக்குறைய பாதிச் சுமையையாவது தாங்காவிட்டால், இந்த "பசுமை" அமைப்பு சாதாரண ஏசியைவிட அதிக எரிபொருளைத் தின்னும். மாற்றுக்குத் தனியாக ஒரு மின் சில்லர் வைத்துக்கொள்வது இதைவிடப் புத்திசாலித்தனம்.

## குவிக்கும் கண்ணாடியும் இரட்டை நிலைச் சில்லரும்

170, 180 டிகிரி வேண்டுமென்றால் வெயிலைக் குவிக்க வேண்டும். நீளமான பரவளையத் தொட்டி வடிவக் கண்ணாடிகள், அல்லது ஷெஃப்லர் தட்டுகள் எனும் கிண்ண வடிவக் கண்ணாடிகள். இந்தியாவில் இதைச் செய்து பார்த்த இடங்கள் உண்டு. குஜராத்தில் வடோதராவுக்குப் பக்கத்தில் கோரஜ் என்ற ஊரில், முனி சேவா ஆசிரமத்தின் மருத்துவமனைக்கு 12.5 சதுர மீட்டர் ஷெஃப்லர் தட்டுகள் நூறு வைத்து நூறு டன் குளிர்விப்பை அமைத்தார்கள். குர்கான் அருகே குவால் பஹாரியில், இப்போது தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனம் இருக்கும் வளாகத்தில், 2011இல் 100 கிலோவாட் அளவில் சூட்டை மூன்று முறை பயன்படுத்தும் மும்மை நிலைச் சில்லரை பரவளையக் கண்ணாடிகளோடு இணைத்து ஓட்டினார்கள்.

வெப்ப இயக்கவியல் பார்வையில் இதுதான் அழகான வழி. பிடிக்கும் சூடு 55 சதவீதம், சிஓபி 1.3, பெருக்கினால் 0.7, கீழே பார்க்கப்போகும் பேனலோடு சமமாக நிற்கிறது. வெளியே தள்ளும் சூடும் 1.8 பங்காகக் குறைவதால் தண்ணீர்ச் செலவு ஒற்றை நிலையைவிட கால் பங்குக்கு மேல் மிச்சம்.

சிக்கல் வானத்தில் இருக்கிறது. குவிக்கும் கண்ணாடிக்கு நேரடி வெயில் மட்டும்தான் கணக்கு, மங்கலான வானத்திலிருந்து பரவி வரும் ஒளி அதற்கு ஒன்றுமே இல்லை. ராஜஸ்தான், குஜராத் வானம் வேறு, ஈரம் நிறைந்த கடலோர வானம் வேறு. வெயில் சுள்ளென்று அடிப்பதாகத் தோன்றும் நாளிலேயே நம் கடற்கரையில் ஒளியில் பெரும்பங்கு சிதறித்தான் வரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கேட்கவே வேண்டாம். போதாததற்கு சூரியனைப் பின்தொடரும் மோட்டார், காற்றுக்குத் தாங்கும் அஸ்திவாரம், உப்புக்காற்றில் மங்கும் கண்ணாடி, அடிக்கடி கழுவல். கழுவாத கண்ணாடியில் திறன் விறுவிறுவென்று விழும், பேனலில் தூசி படிவதைவிட மோசம். 8 பார் (காற்றழுத்தத்தைப் போல எட்டு மடங்கு) நீராவி என்றால் பாய்லர் விதிமுறைகளும் வந்துவிடும்.

ஏற்கெனவே பாய்லர் இருக்கும் தொழிற்சாலை, சமையலுக்கோ சாயத்துக்கோ நீராவி தினமும் செலவாகும் இடம், உள்நாட்டு வறண்ட ஊர் என்றால் மட்டும் இதைப் பரிசீலிக்கலாம்.

## அம்மோனியாவும் தண்ணீரும்

லித்தியம் புரோமைடு இயந்திரத்தில் குளிர்பதனப் பொருளே தண்ணீர், அது பூஜ்யத்தில் உறைந்துவிடும், அதனால் 5 டிகிரிக்குக் கீழே அதை நம்ப முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டுமானால் அம்மோனியா. இதுதான் பழைய வழியும்கூட. ஃபெர்டினாண்ட் கார்ரே 1859இல் பிரான்ஸில் இதற்குக் காப்புரிமை வாங்கினார், 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒகுஸ்தேன் முஷோ சூரியக் கண்ணாடியால் இத்தகைய இயந்திரத்தை ஓட்டிப் பனிக்கட்டி செய்து காட்டினார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே வெயிலிலிருந்து ஐஸ் வந்துவிட்டது என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

நடைமுறைக்கு வந்தால், சிஓபி 0.5 பக்கம். அம்மோனியாவோடு கொஞ்சம் நீராவியும் சேர்ந்து வருவதால் அதைப் பிரிக்கத் தனிக் கருவி வேண்டும். 40 டிகிரியில் அழுத்தம் 15 பாருக்கு மேல். அம்மோனியா நச்சு, கசிந்தால் அக்கம்பக்கத்தையே காலி செய்ய வேண்டிவரும். மீன், பால் தொழிலில் ஏற்கெனவே அம்மோனியா பிளான்ட் ஓட்டிப் பழகிய ஆட்களும், 120 டிகிரிக்கு மேல் வீணாகும் சூடும் இருந்தால் சரி. மாடியில் சேகரிப்பான் வாங்கிப் புதிதாக இதில் இறங்குவதை நான் சொல்லமாட்டேன். பால் குளிரூட்டும் நிலையத்துக்கு பேனலும் ஐஸ் பேங்கும் எவ்வளவோ எளிது, பகலில் ஐஸ் கட்டிவைத்து மாலைப் பாலை அதில் குளிர்விக்கலாம், பேட்டரியே வேண்டாம்.

## சோலார் பேனலும் மின் சில்லரும்

இன்றைய பேனல் தாளில் 21 சதவீதத்துக்கு மேல் காட்டும். நம் வெயிலில் பேனல் 60 டிகிரிக்குக் காய்ந்து, தூசி, இன்வெர்ட்டர், கேபிள் எல்லாம் போக 16, 17 சதவீதம் மின்சாரமாகக் கையில் வரும். தண்ணீரால் குளிரும் நல்ல சில்லர், பம்பு, டவர் எல்லாம் சேர்த்து சிஓபி 4 என்றால் வெயிலில் 65 சதவீதம் குளிராகிறது. காற்றால் குளிரும் சில்லர் என்றால் 50 சதவீதம், ஆனால் டவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். ஒற்றை நிலை உறிஞ்சலின் 35 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதினைந்து இருபது ஆண்டுக்கு முன் கதை வேறு. பேனல் 13 சதவீதம்தான், 2008 வாக்கில் ஒரு வாட் 4 டாலர் பக்கம் விற்றது. அப்போது வெந்நீர்ச் சில்லர்தான் மலிவான சூரியக் குளிர். இன்று பேனல் விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெப்ப இயக்கவியல் மாறவில்லை, பேனல் விலை மாறிவிட்டது. அந்தக் காலத்துக் கட்டுரைகளின் முடிவை இன்றும் அப்படியே ஒப்பிக்கிறவர்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

இதிலும் மறைசெலவு உண்டு. கிரிட்டோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் வெயில் இருந்தாலும் தானும் நின்றுவிடும், ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓடத் தனி ஏற்பாடு வேண்டும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு யூனிட் கட்டணம் குறைந்தாலும், மாதத்தில் இழுத்த உச்ச அளவுக்கு வாங்கும் டிமாண்ட் கட்டணம் அவ்வளவாகக் குறையாது, மாதத்தில் ஒரே ஒரு மேகமூட்டமான மதியம் சில்லர் முழுச் சுமையைக் கிரிட்டிலிருந்து இழுத்தால் அந்த மாத உச்சம் அதுதான். மாலை ஆறு மணிக்கு மேல் பேனல் இல்லை, மருத்துவமனைக்கும் ஓட்டலுக்கும் சுமை இருக்கும். குளிர்ந்த நீர்த் தொட்டி வைத்து மதியக் குளிரை மாலைக்குத் தள்ளினால் இந்த இரண்டு செலவும் ஓரளவு குறையும். மிச்ச மின்சாரத்தைக் கிரிட்டுக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை உங்கள் இணைப்பு வகைக்கான தற்போதைய விதியைப் பார்த்தே கணக்கில் சேருங்கள்.

குளிர்பதன வாயுவும் ஒரு விஷயம். மின் சில்லரிலும் ஏசியிலும் ஓடும் வாயுக்களில் 134ஏ ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம், 410ஏ என்றால் 2,000க்கு மேல். இத்தகைய வாயுக்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 2016 கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா 2028இல் இவற்றின் அளவை நிலைநிறுத்தி 2032 முதல் குறைக்க வேண்டும். உறிஞ்சல் சில்லரில் இருப்பது தண்ணீரும் உப்பும், இந்த ஒரு விஷயத்தில் அதற்குப் போட்டியே இல்லை.

## நூறு டன், எட்டு மணி நேரம்: ஒரே பார்வையில்

| | வெற்றிடக் குழாய், ஒற்றை நிலை | குவிக்கும் கண்ணாடி, இரட்டை நிலை | பேனல், தண்ணீரால் குளிரும் சில்லர் | பேனல், காற்றால் குளிரும் சில்லர் |
|---|---|---|---|---|
| வெயிலில் குளிராவது | 35% | 70%, நேரடி வெயிலில் மட்டும் | 65% | 50% |
| மாடியில் பரப்பு, இடைவெளி நீங்கலாக | 1,250 ச.மீ. | 800–1,200 ச.மீ. | 650 ச.மீ. | 875 ச.மீ. |
| டவர் தண்ணீர் | 13,000 லிட்டர் | 9,500 லிட்டர் | 6,500 லிட்டர் | இல்லை |
| மங்கலான வானம் | தாங்கும் | தாங்காது | தாங்கும் | தாங்கும் |
| குளிர் வேண்டாத நாள் | வெந்நீர் மட்டும் | நீராவி மட்டும் | மின்சாரம், எதற்கும் உதவும் | மின்சாரம், எதற்கும் உதவும் |
| பழுது பார்க்க ஆள் | அரிது | மிக அரிது | எளிது | மிக எளிது |

எல்லாம் நல்ல வெயில் நேரத்துக்கான, கையால் போட்ட மதிப்பீடு. உங்கள் ஊருக்கும் உங்கள் சுமைக்கும் ஏற்ப மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது.

## யாருக்கு எது

பெரிய மருத்துவமனை அல்லது ஓட்டல், தினமும் சலவைக்கும் குளியலுக்கும் சமையலுக்கும் வெந்நீர் ஓடுகிறது, சுத்திகரித்த கழிவுநீர் டவருக்குப் போதுமான அளவு இருக்கிறது என்றால் வெற்றிடக் குழாயைப் போடலாம். ஆனால் வெந்நீர்த் தேவைக்கு முதலில் அளவெடுத்து, மிஞ்சும் சூட்டுக்குத் தகுந்த சிறிய ஒற்றை நிலைச் சில்லரை வைத்து அடிப்படைச் சுமையை மட்டும் அதற்குக் கொடுங்கள், மீதி மின் சில்லர். அப்போது சேகரிப்பான் ஆண்டில் ஒரு நாளும் சும்மா நிற்காது, முதலீடு திரும்பும்.

கல்லூரி, அலுவலகம், பகலில் மட்டும் கூட்டம் வரும் இடம் என்றால் பேனல். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் இடத்துக்கு பேனலும் காற்றால் குளிரும் சில்லரும். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகட்டும், பரவாயில்லை.

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை, சர்க்கரை ஆலை, நாள் முழுக்க ஓடும் கேஸ் எஞ்சின் வைத்திருப்பவர்கள் சேகரிப்பானை மறந்துவிட்டு, புகைபோக்கியிலும் கழிவு வெந்நீரிலும் போகும் சூட்டை முதலில் அளந்து பாருங்கள். 85, 90 டிகிரிக்கு மேல் தொடர்ந்து கிடைத்தால் உறிஞ்சல் சில்லர் அங்கேதான் ஜொலிக்கும், மாடியில் ஒரு சதுர அடிகூடச் செலவில்லை, இரவிலும் ஓடும். அப்புறம் மாடியில் பேனலைப் போட்டு அதன் பம்புகளுக்கும் டவர் விசிறிக்கும் கரண்ட் கொடுத்துக்கொள்ளலாம்.

## கொட்டேஷன் கேட்கும்போது

உறிஞ்சல் சில்லர் விற்பவரிடம் 29 டிகிரி டவர் தண்ணீரில் கிடைக்கும் கொள்ளளவைக் கேட்காதீர்கள், 32 டிகிரியில் எவ்வளவு என்று கேளுங்கள். வெந்நீர் 90க்குப் பதில் 80 டிகிரியில் வந்தால் எவ்வளவு என்பதையும் கேளுங்கள், காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நடப்பது அதுதான். எல்லாப் பம்புகளும் டவர் விசிறியும் சேர்த்து ஒரு டன் குளிருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை யூனிட் கரண்ட் என்பது மிக முக்கியம். நன்றாக வடிவமைத்தால் ஒரு யூனிட் கரண்டுக்குப் பத்து பங்குக்கு மேல் குளிர் வர வேண்டும். அளவுக்கு மீறிய பம்புகளைப் போட்டு அது ஐந்துக்குக் கீழே போனால், இத்தனை செலவுக்குப் பிறகும் கரண்ட் பில் சாதாரண சில்லருக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

பேனல் விற்பவரிடம் மே மாத மதியத்தில் எத்தனை கிலோவாட் வரும் என்று கேளுங்கள், தாளில் உள்ள உச்ச அளவை வைத்துச் சில்லரைப் பொருத்தாதீர்கள். இரண்டு பேரிடமும் ஓர் ஆண்டுக்கான கணக்கை மாதவாரியாக, தண்ணீர்ச் செலவோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். கூடவே உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று தயாராக இருக்க வேண்டும்: ஒரு வாரத்துக்கு மணிக்கு மணி எவ்வளவு குளிர், எவ்வளவு வெந்நீர் செலவாகிறது என்ற குறிப்பு. அது இல்லாமல் யார் போட்டுத் தரும் கணக்கும் ஊகம்தான்.